தி வேர்ல்ட் வி மேக்: யார் எந்தப் பக்கம்?

என். கே. ஜெமிசினின் ‘தி சிட்டி வி பிகேம்’ நாவலைப் படித்து நாளாகிவிட்டது, அதன் தொடர்ச்சியான இந்த இரண்டாவதில் அரசியலே பிடிபடவில்லை என்கிறீர்கள். நியூயார்க் நகரின் பகுதிகள் மனித உருவில் வரும் கதை இது. முதல் நாவலை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டாம், அதன் கடைசி அத்தியாயங்கள் போதும். ஸ்டேட்டன் ஐலண்ட் ஏன் எதிரியோடு போனது, அதன் இடத்துக்குப் பக்கத்து நகரமான ஜெர்சி சிட்டி எப்படி வந்தது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நியூயார்க் மேல் ஸ்டேட்டன் ஐலண்டுக்கு இருக்கும் அந்தக் கசப்பு வெறும் கற்பனையல்ல. 1898இல் நியூயார்க்கோடு இணைந்த ஸ்டேட்டன் ஐலண்ட், 1993இல் பிரிந்துபோகவே பெரும்பான்மையாக வாக்களித்தது. ஆனால் பிரியவில்லை, மாநிலச் சட்டமன்றத்தில் விஷயம் நின்றுபோனது. இது தெரிந்தபின், கதையில் ஸ்டேட்டன் ஐலண்டாக வரும் ஐஸ்லினை வெறும் துரோகியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

நாவலில் வரும் மேயர் தேர்தலில் எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்யாதீர்கள். புரூக்ளின் போட்டியிடுகிறாள், அவ்வளவுதான். குயின்ஸாக வரும் பத்மினி தமிழ்ப்பெண். அவளுடைய விசா சிக்கலைப் பின்தொடருங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.