அந்த 'வெறும்' வேண்டாம்

கேள்வி: ஷாங்காய் பிஷப் ஷெரெஷெவ்ஸ்கியைப் போன இதழில் 'மகான்' என்று எழுதியிருந்தீர்கள். அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர்தானே?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த 'வெறும்' எனக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

1831-ல் லிதுவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ரப்பி, அதாவது யூத மதகுரு, ஆவதற்குப் படித்தவர் அவர். எபிரேயத்தில் கிடைத்த ஒரு புதிய ஏற்பாடு அவரைத் திசை திருப்பியது. அமெரிக்கா போய் இறையியல் படித்தார். அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை 1859-ல் அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. பழைய ஏற்பாடு முழுவதையும் எபிரேயத்திலிருந்து சீனப் பேச்சுமொழியான மாண்டரினுக்குத் தனி ஆளாகக் கொண்டுவந்தார். 1877-ல் பிஷப் ஆனார். 1881-ல் வெயில் தாக்கிக் கை கால் விழுந்தது, பேச்சும் குழறியது. 1883-ல் பதவியை விட்டார், வேலையை விடவில்லை.

நாற்காலியில் சாய்ந்தபடி, அசைகிற ஓரிரு விரலால் டைப்ரைட்டரில் சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுவார். சீன எழுத்தர்கள் அதைச் சீன எழுத்தில் எழுதுவார்கள். ஏறத்தாழ 2,000 பக்கம்! 1902-ல் சீனத்தின் எளிய இலக்கிய நடையில் முழு வேதாகமமும் வந்தது. 'இரு விரல் வேதாகமம்' என்றே அதற்குப் பெயர்.

விரலை விட எனக்குப் பெரிதாகப் படுவது மூலமொழி. எபிரேயத்தில் 'ரூவாக்' என்று ஒரு சொல். காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் அதுதான். ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே நீரின் மேல் அசைவாடுகிறது. எதை எடுப்பது? எபிரேயம் தெரிந்தவன் அங்கே நின்று யோசிப்பான். ஆங்கிலம் வழியாக வருகிறவனுக்கு நிற்க இடமே இல்லை, யாரோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

ரஷ்ய நாவலை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கச் சொல்லிவிட்டு, அட்டையில் 'மூலத்திலிருந்து நேரடியாக' என்று போட்ட ஒரு பதிப்பாளரோடு எனக்குப் பத்து வருடமாகப் பேச்சில்லை. ராப்பகலாக உழைத்த பெண்ணின் பெயர் நாலாம் பக்கத்தில், விலைக்கு மேலே, பொடி எழுத்தில் இருந்தது. கேட்டதற்கு, "வெறும் மொழிபெயர்ப்புதானே சார்" என்றார். அதே 'வெறும்'!

ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த வெளிநாட்டு நாவல் ஒன்றை எடுத்து, அதைத் தமிழில் தந்தவர் பெயரைத் தேடி எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், இதே பக்கத்தில், கொட்டை எழுத்தில் போடுகிறேன்.