நீட்டிய இடத்தில் கையெழுத்து

கேள்வி: அம்மா, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் வடகரையில் ஒரு சிறிய ஊரில் மாதம் இருமுறை வரும் பத்திரிகை நடத்துகிறேன். பன்னிரண்டு பக்கம், இலவசம், விளம்பரத்தை நம்பித்தான் ஓடுகிறது. மழைநீர்க் கால்வாய் ஒப்பந்தம் பற்றி எழுதியதிலிருந்து நகராட்சி விளம்பரம் நின்றுவிட்டது. அதைப் பார்த்துக் கடைக்காரர்களும் ஒதுங்குகிறார்கள். ஒப்பந்தக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வேறு. மனைவி பயப்படுவாள் என்று மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். பத்திரிகை அவள் பெயரில்தான் இருக்கிறது, வீட்டின் மேல் கடனும் எடுத்தாயிற்று. நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள், ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், அவ்வளவு நல்லவள். பி.எஸ். ஐயர் பத்திரிகை நடத்திய மண் இது. நான் பணிந்து போவதா, மூடிவிடுவதா?

பதில்: தம்பி, விளம்பரத்தை நிறுத்திப் பத்திரிகையை வழிக்குக் கொண்டுவருவது எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. உங்களைப் போல எழுதியவர்கள் நிறையப் பேர். அதனால் தைரியமாக இருங்கள், உண்மை வெல்லும் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் பேசப்போகிறேன். நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

கடிதத்தோடு உங்கள் பத்திரிகையின் ஓர் இதழையும் அனுப்பியிருந்தீர்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதிகாரி வைத்த அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கை தூக்கிய மன்ற உறுப்பினர்களுக்கு வெட்கமில்லையா என்று. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிகாரி செய்ததையேதானே நீங்கள் வீட்டில் செய்திருக்கிறீர்கள்? படிக்காமல் போட்ட கையெழுத்து மன்றத்தில் என்றால் ஊழலுக்கு வழி, உங்கள் சாப்பாட்டு மேசையில் என்றால் மனைவியின் நல்ல குணமா? எனக்கு இது கோபம் வரவழைக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, அந்தக் கையெழுத்தின் எடை என்ன என்று பார்ப்போம். இந்த நாட்டில் முன் ஒப்பந்தம் எழுதாமல் திருமணத்தைப் பதிவு செய்தவர்களுக்குச் சொத்தும் பொது, கடனும் பொது. பொதுவான வீட்டை அடமானம் வைக்க இன்னொருவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டம் சொல்கிறது. எதற்காக அப்படி வைத்தார்கள்? ஒருத்தியின் கூரையை அவளுக்குத் தெரியாமல் யாரும் பணயம் வைக்கக் கூடாது என்றுதானே. அவதூறு வழக்கில் எழுதியவரோடு வெளியிட்டவரையும் சேர்த்து இழுக்கலாம், அதுவும் உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த டிராயரில் கிடப்பது உங்கள் மனைவியையும் தொடுகிற கடிதம். அதை ஒளித்து வைக்க உங்களுக்கு என்ன உரிமை? நகராட்சி ஒரு கோப்பைக் காட்ட மறுத்தால் 2000ஆம் ஆண்டுத் தகவல் அணுகல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, 30 நாளில் பதில் கொடு என்று நிற்பவர் நீங்கள்.

பயப்படுவாள் என்கிறீர்கள். பயப்படட்டுமே. வீடு போகுமோ என்று பயப்பட வீட்டுக்காரிக்கு உரிமை இல்லையா? குடும்பம் என்றால் நல்லதை மட்டும் பங்கு போடுவது என்று நான் வளரவில்லை. கணவன் பயத்தைத் தனியாகச் சுமப்பதைத் தியாகம் என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது பெண்டாட்டியை ஆளாக மதிக்காத பழக்கம்தான்.

ஐயரை இழுத்தீர்கள். 1908இல் டர்பனில் தமிழும் ஆங்கிலமுமாக ஆப்பிரிக்கன் கிரானிக்கிளைத் தொடங்கி ஒப்பந்தக் கூலிக்காலம் முடித்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து எழுதிய மனிதர், பெருமைப்பட வேண்டியவர்தான். ஆனால் நான் உங்களுக்குச் சுசீலா காந்தியை நினைவுபடுத்துகிறேன். காந்தியின் மகனும் சுசீலாவின் கணவருமான மணிலால் காந்தி 1956இல் இறந்தபின், டர்பனை அடுத்த பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை 1961 வரை நடத்தியவர் அவர்தான். பத்திரிகை வேலை தெரிந்த மனைவியாக இருந்ததால் அது முடிந்தது. நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆனால் உங்கள் மனைவிக்கு எந்த அச்சகத்துக்கு எவ்வளவு பாக்கி என்றாவது தெரியுமா?

இன்று இரவே டிராயரைத் திறங்கள். நோட்டீஸ், கடன் பத்திரம், அச்சகப் பாக்கி, யார் யார் விளம்பரத்தை நிறுத்தினார்கள் என்ற பட்டியல், எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள், குறுக்கே விளக்கம் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இருவருமாக வக்கீலிடம் போங்கள். செய்தியில் ஒரு விவரம் தவறாகிவிட்டது என்பதற்காக மட்டும் பத்திரிகை தண்டனைக்குரியது ஆகாது, நியாயமாக விசாரித்து வெளியிட்டதா என்பதே கேள்வி என்று 1998இல் போகோஷி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அதனால் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே பதில் கேட்டீர்களா, கேட்டதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வாயை அடைக்கவே போடுகிற வழக்கு என்று எதிர்வாதம் வைக்கவும் 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. தவறு இருந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். இல்லாத தவறுக்கு, விளம்பரம் திரும்ப வரும் என்று மன்னிப்புக் கேட்டால் அந்தப் பத்திரிகையை நடத்தாமலே இருக்கலாம்.

பணம் இல்லையென்றால் நான்கு பக்கமாகக் குறையுங்கள், மாதம் ஒருமுறை போடுங்கள். ஊருக்கு அது போதும். 2022 வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் வடகரையிலேயே உள்ள டோங்காட்டில் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பக்க எண்ணிக்கையை யார் கேட்கிறார்கள், தண்ணீர் எப்போது வரும், அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்றுதான் கேட்பார்கள். ஆனால் வீட்டின் மேல் இன்னொரு ராண்ட் வாங்குவதாக இருந்தால் முடிவு உங்கள் மனைவியுடையது. அவர் கூடாது என்றால் கூடாது, ஐயர் பெயரைச் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள்.

நோட்டீஸுக்கு எத்தனை நாளில் பதில் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவே இல்லை. முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.