பேர் ஒண்டு, ஸ்பெல்லிங் மூண்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள் முக்கால்வாசி வெளிநாட்டுக் கடதாசி சம்பந்தமாத்தான். போறாக்கள், வந்தாக்கள், வந்திட்டுத் திரும்பப் போக ஏலாமல் நிக்கிறாக்கள் எண்டு திருகோணமலையில ஒவ்வொரு ஒழுங்கையிலயும் ஒரு ஃபைல் கட்டு இருக்கும்போல. எல்லாத்துக்கும் இடம் காணாது, ஒரே மாதிரிக் கேள்வியளை ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன்.

கேள்வி: அக்கா, நான் சாம்பல்தீவு. கட்டார்ல ஏசி டெக்னீசியன் வேலைக்கு ஒஃபர் வந்திருக்கு. என்ட பேர் பாஸ்போட்டில எஸ்-ல தொடங்குது, ஓ.எல். சேட்டிபிக்கேட்டில எஸ்.எச்.-ல தொடங்குது, டிப்ளோமாவில அப்பாட பேர் பின்னுக்கும் என்ட பேர் முன்னுக்குமா மாறிக் கிடக்கு. ஏஜென்சிக்காரர் "அது பிரச்சினையில்ல, அங்க போய்ப் பாப்பம்" எண்டுறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம் தம்பி. அங்க போய்ப் பாக்கிறது உங்கட காசில, உங்கட லீவில. டோகாவில ஒருத்தரும் உங்கட அப்பா வைச்ச பேர் என்னெண்டு தேட மாட்டாங்க, பாஸ்போட்டில என்ன எழுத்து இருக்கோ அதுதான் ஐடி கார்ட்டில, அதுதான் பாங்க் கணக்கில, அதுதான் கொன்ராக்ட்டில. அதால மற்ற எல்லாக் கடதாசியும் பாஸ்போட்டோட ஒத்து வரோணும். பிறப்புச் சான்றிதழை முதல்ல எடுத்துப் பாருங்கோ, எங்கட பக்கம் அது தமிழில இருக்கும், அதை இங்கிலீசாக்கேக்க சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட பாஸ்போட் கொப்பியையும் கையில குடுத்து "இந்த எழுத்திலதான் வரோணும்" எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி அவர் தனக்குப் பழக்கமான ஸ்பெல்லிங்கில அடிச்சுத் தந்திடுவார், உங்களுக்கு நாலாவது பேர் ஒண்டு வந்து சேரும். டிப்ளோமாவைத் தந்த இடத்தில போய் பேரைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ, ஏலாது எண்டாங்க எண்டா ரெண்டு விதமா எழுதின பேரும் ஒரே ஆளின்டதான் எண்டு சமாதான நீதவானிட்ட சத்தியக் கடதாசி முடிச்சு வைச்சிருங்கோ. ஆனா சத்தியக் கடதாசி எல்லா இடத்திலயும் செல்லும் எண்டில்ல, திருத்தக்கூடியதைத் திருத்துறதுதான் நல்லம்.

அடுத்தது அத்தாட்சிப்படுத்தல். ஓ.எல்., ஏ.எல். சேட்டிபிக்கேட் எண்டா முதல்ல பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தோணும், அதுக்குப் பிறகு வெளிநாட்டு அமைச்சின்ட கொன்சியூலர் பிரிவு, பிறகு கொழும்பில கட்டார் தூதரகம், கடைசியா டோகாவில அவங்கட வெளிநாட்டு அமைச்சு. இந்த வரிசையை மாத்திப் போனா திருப்பி அனுப்புவாங்க. கொன்சியூலர் வேலைக்கு முந்தி கொழும்புக்கு ஓடினாங்க, இப்ப எங்கட கச்சேரியிலயே, அதுதான் மாவட்டச் செயலகத்திலயே, பிராந்திய ஒபிஸ் இருக்கு, இது தெரியாமல் இன்னும் இரவு பஸ் ஏறுற சனம் இருக்கு. பயோமெட்ரிக், மெடிக்கல், கொன்ராக்ட் கையெழுத்து எல்லாம் கொழும்பில கட்டார் விசா சென்ரர்ல நடக்கும். அங்க ஸ்கிரீன்ல காட்டுற கொன்ராக்ட்டைத் தமிழில கேட்டு வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து. சம்பளம் ஏஜென்சி சொன்னதுதானா எண்டு பாருங்கோ. 2021 மார்ச்சில இருந்து அங்க ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 1000 றியால், இடமும் சாப்பாடும் கொம்பனி தரேல்ல எண்டா அதுக்கு 500, 300 எண்டு மேல சேர்க்கோணும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியாமல் போகாதேங்கோ, பதிவு 2 வருசத்துக்கு. ஏஜென்சிக்கு லைசன் இருக்கோ எண்டு பணியகத்தின்ட 1989 எண்ட ஃபோன் நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம். விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு ஆராவது சொன்னா அந்த ஆளோட கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ.

இன்னொண்டு, போய் இறங்கினதும் கொம்பனிக்காரர் ஐடி எடுக்கவெண்டு பாஸ்போட்டை வாங்குவாங்க, அது முடிஞ்ச உடன திருப்பித் தரோணும். 2015ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டப்படி பாஸ்போட்டை மடக்கி வைச்சிருக்கிற முதலாளிக்கு 25,000 றியால் வரைக்கும் தண்டம் இருக்கு. குடுக்க முதல் எல்லாப் பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஒரு கொப்பி அனுப்பி விடுங்கோ.

கேள்வி: எங்கட வீட்டு மேல்மாடியை டைவிங் சொல்லிக்குடுக்கிற வெள்ளைக்காரப் பொடியன் ஒருத்தனுக்கு சீசன் முடியும்வரை வாடகைக்குக் குடுத்திருக்கிறம். காசு குடுக்காமல் போயிடுவானோ எண்டு பயத்தில அவன்ட பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில வைச்சிருக்கிறன். சரிதானே? (உப்புவெளி)

சரியில்ல. மேல கட்டார் முதலாளியைப் பற்றி என்ன எழுதினனோ அதை ஒருக்கா வாசிச்சிட்டு இண்டைக்கே திருப்பிக் குடுங்கோ. பாஸ்போட் அவன்ட சொத்துக்கூட இல்ல, அவன்ட அரசாங்கத்தின்ட சொத்து. உங்களுக்குத் தேவை போட்டோகொப்பி, விசாப் பக்கத்தின்ட கொப்பி, கையெழுத்து வைச்ச வாடகை ஒப்பந்தம், ரெண்டு மாச முற்பணம். ஆள் இருக்கிறதைப் பொலிசில அறிவிச்சு விடுங்கோ, ஜீ.எஸ்ஸுக்கும் (கிராம சேவகருக்கும்) சொல்லி வையுங்கோ. விசாத் திகதி எப்ப முடியுது எண்டு பாருங்கோ. டூரிஸ்ட் விசாவில இருந்துகொண்டு சம்பளத்துக்கு வேலை செய்யிறான் எண்டா அது அவனுக்கும் வேலை குடுத்தவருக்கும் பிரச்சினை, நீங்க அதுக்குள்ள மாட்டாமல் இருக்கிறதுதான் புத்தி.

கேள்வி: அக்கா, நான் காரைக்குடி பக்கம். கல்யாணம் பண்ணி உப்புவெளிக்கு வந்துட்டேன், ரொம்ப நல்ல குடும்பம், ஆனா விசா புதுப்பிக்க பத்தரமுல்லைக்கு அலையறதுதான் பெரிய தொல்லை. இலங்கை பாஸ்போர்ட் எடுத்தா இந்தியா பாஸ்போர்ட் போயிடுமா? அப்பா பேர்ல வயல் இருக்கு, அதுல எனக்குப் பங்கு போயிடுமோன்னு பயமா இருக்கு. நாளைக்கு குழந்தை இங்க பிறந்தா அது எந்த நாட்டுக் குழந்தை?

ஒவ்வொண்டா வாறன் தங்கச்சி. இந்தியா இரட்டைக் குடியுரிமை குடுக்கிறேல்ல, நீங்க இலங்கைக் குடியுரிமை எடுத்த அண்டைக்கே மற்றது தன்பாட்டில போயிடும், பாஸ்போட்டையும் அவங்களிட்ட ஒப்படைக்கோணும். பிறகு முன்னாள் இந்தியர் எண்ட வகையில ஓசிஐ கார்ட்டுக்கு, அதுதான் வெளிநாட்டுப் பிரஜையான இந்திய வம்சாவளிக்காரருக்குக் குடுக்கிற கார்ட்டுக்கு, போடலாம். வயலைப் பற்றிப் பயப்படாதேங்கோ, ஓசிஐ காரர் விவசாயக் காணி காசு குடுத்து வாங்கத்தான் ஏலாது, அப்பா வழியில வாற பங்கை ஆரும் பறிக்கேலாது.

குழந்தைக் கதைதான் முக்கியம். அப்பா இலங்கையர், பிறக்கிறது திருகோணமலையில எண்டா பிள்ளை இலங்கைப் பிரஜை, அதுக்கு நீங்க தனியா ஒண்டும் செய்யத் தேவையில்ல. இந்தியக் குடியுரிமையும் எடுத்து வைப்பம் எண்டு நினைச்சா, பிறந்து 1 வருசத்துக்குள்ள இந்தியத் தூதரகத்தில பதியோணும், பிள்ளைக்கு வேற நாட்டுப் பாஸ்போட் இல்லையெண்டு எழுதியும் குடுக்கோணும். அதால ரெண்டில எது எண்டு நீங்களும் அவரும் முதலே இருந்து கதைச்சு முடிவெடுங்கோ, மாமியாரையும் உங்கட அம்மாவையும் இதுக்குள்ள இழுக்காதேங்கோ!

விசா அலைச்சலுக்கு என்னிட்ட மருந்தில்ல. ஆனா முடியிற திகதிக்கு ஒரு மாசம் முதலே வேலையைத் தொடங்குங்கோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, ஏனெண்டா ஸ்பொன்சர் அவர்தான், "வேலை இருக்கு, நீ தனியாப் போயிட்டு வா" எண்டு அனுப்பினா ரெண்டாந்தரமும் பஸ் ஏறவேண்டி வரும். இந்தியப் பாஸ்போட் புதுப்பிச்சா பழசை எறிஞ்சு போடாதேங்கோ, விசா ஒட்டினது பழசில எண்டா ரெண்டையும் சேர்த்துத்தான் எயார்போட்டில காட்டோணும்.

கேள்வி: நாங்க மூதூர் கிழக்கு. 2006 சண்டையோட மன்னாரால படகேறி இந்தியா போனம், தமிழ்நாட்டில மண்டபம் அகதி முகாம். மகள் 2012இல அங்கதான் பிறந்தவ. ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்திலயும் சேர்த்திட்டம், ஆனா அடையாள அட்டை எடுக்கப் போனா "பிள்ளை சிட்டிசன் எண்டதுக்கு என்ன ஆதாரம்" எண்டு கேப்பாங்களாம். அம்மா அப்பா ரெண்டு பேரும் இந்த ஊரில பிறந்த ஆக்கள், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

உங்கட கோவம் நியாயம். ஆனா சட்டம் வேற மாதிரிப் பாக்குது. 1948ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில 5(2) எண்டு ஒரு பிரிவு இருக்கு, வெளிநாட்டில பிறந்த பிள்ளையைப் பதிஞ்சாத்தான் பிரஜை, பதியாமல் விட்டா தாய் தகப்பன் இந்த ஊரில பிறந்திருந்தாலும் பிள்ளையின்ட கையில ஒண்டுமில்ல. பிறந்து 1 வருசத்துக்குள்ள பதியோணும் எண்டு இருக்கு, பிந்தினாலும் பதியலாம், சனம் முகாமில இருந்து வந்து பதிஞ்சுகொண்டுதான் இருக்கு. 2003க்கு முதல் பிறந்த பிள்ளையெண்டா தகப்பன்ட பிரஜாவுரிமையைத்தான் பாத்தாங்க, அந்த வருசம் 16ம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகு தாயாலயும் வரும். இதை ஏன் சொல்லுறன் எண்டா, முகாமுக்குள்ள கோயில்ல தாலி கட்டிப் பதியாமல் விட்ட கலியாணங்கள் கனக்க இருக்கு, அப்பிடி ஆக்கள் "எங்களுக்கு கலியாணச் சான்றிதழ் இல்லையே" எண்டு பயந்து சும்மா இருக்கிறாங்க. இருக்க வேண்டாம், தாயின்ட பிறப்புச் சான்றிதழோட போங்கோ.

முதல் வேலை, மகளின்ட தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை இப்பவே வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. குழந்தையின் பெயர் எண்ட இடத்தில பேர் இருக்கா? கனபேரின்டயில அந்த இடம் வெறுமையாக் கிடக்கும், பெண் எண்டும் தாய் தகப்பன்ட பேரும் மட்டும்தான் இருக்கும், ஏனெண்டா ஆஸ்பத்திரியில பதியேக்க பேர் வைச்சிருக்க மாட்டாங்க, பிறகு ஆர் போய்ச் சேர்க்கிறது. தமிழ்நாட்டில பேர் சேர்க்கிறதுக்கு பிறந்ததில இருந்து 15 வருசம் கெடு. உங்கட மகளுக்கு அது 2027இல முடியுது. இன்னும் மண்டபத்தில சொந்தக்காரர் இருந்தா அவங்களைப் பிடிச்சு இப்பவே அலுவலைத் தொடங்குங்கோ. தகப்பன்ட பேர் அங்க எழுதினதும் இங்க பிறப்புச் சான்றிதழில இருக்கிறதும் ஒண்டுதானா எண்டும் பாருங்கோ, அங்க இனிஷலை முன்னுக்குப் போட்டுச் சுருக்கி எழுதியிருப்பாங்க, இங்க முழுப்பேர் இருக்கும், அதுக்குச் சத்தியக் கடதாசி வேணும்.

பிறகு தாய் தகப்பன் ரெண்டு பேரின்டயும் பிறப்புச் சான்றிதழ், இருந்தா கலியாணப் பதிவு, முகாம் அட்டை, திரும்பி வரேக்க சென்னைத் துணைத் தூதரகம் தந்த பயணக் கடதாசி எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு பத்தரமுல்லையில குடிவரவு திணைக்களத்தின்ட பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போகோணும். அந்தப் பயணக் கடதாசி கசங்கிப் போய் ஒரு ஒற்றைத் தாளாத்தான் இருக்கும், தூக்கி எறியிற சாமான் மாதிரித் தெரியும், ஆனா பிள்ளை சட்டப்படி உள்ள வந்தது எண்டதுக்கு அதில இருக்கிற சீல்தான் சாட்சி. பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்த பிறகு பள்ளிக்கூட அதிபர் ஊடாக அடையாள அட்டைக்குப் போடலாம், 15 வயசு முடிஞ்சா எடுக்கலாம். அதிபரிட்ட இப்பவே நிலைமையைச் சொல்லி வையுங்கோ, ஓ.எல். கிட்ட வந்த பிறகு ஓடித்திரிஞ்சா பிள்ளைதான் படிப்பை விட்டுட்டு அழும்.

கேள்வி: ஸ்காபரோவில இருந்து எழுதுறன், வயது 66, கனடா சிட்டிசன். அலஸ்தோட்டத்தில அம்மாட வளவு இருக்கு. இனி அங்க வந்து இருப்பம் எண்டு யோசிக்கிறன், பக்கத்து வளவும் விலைக்கு வருது. என்ன என்ன பாக்கோணும்?

ஐயா, கனடா சிட்டிசன் எடுத்த அண்டைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை போயிட்டுது, கனபேர் இதை நம்பிறேல்ல, ஐடென்டி கார்ட் இன்னும் பர்ஸில கிடக்கு எண்டு சொல்லுவாங்க. இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடுங்கோ, 55 வயசு தாண்டினாக்களுக்கு எண்டு தனி வகை இருக்கு. அம்மாட வளவு பரம்பரையா வாறதால பிரச்சினையில்ல. பக்கத்து வளவு விலைக்கு எண்டா 2014ம் ஆண்டு 38ம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கு விடாது, இரட்டைப் பிரஜையெண்டா விடும். அதால அது கைக்கு வரும்வரை அட்வான்ஸ் குடுக்காதேங்கோ, மச்சான்ட பேரில எழுதுவம் எண்டு மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

கனடாப் பக்கத்தையும் பாருங்கோ. 18 வயசுக்குப் பிறகு 20 வருசம் அங்க இருந்திருந்தா முதியோர் பென்சன் வெளிநாட்டிலயும் வரும், ஆனா வருமானம் குறைஞ்சாக்களுக்கு அதோட சேர்த்துத் தாற ஜிஐஎஸ் எண்ட மேலதிகக் காசு 6 மாசத்துக்கு மேல வெளிய நிண்டா நிண்டுபோகும். ஓகிப், அதுதான் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ட மருத்துவக் காப்புறுதி, வேணுமெண்டா 12 மாசத்தில 153 நாள் ஒன்ராறியோவில நிக்கோணும். சீனி, பிரஷர் குளிசை எடுக்கிற ஆள் எண்டா இந்தக் கணக்கை முதல்ல போடுங்கோ, வளவு வேலி எல்லாம் பிறகு.

கேள்வி: சேட்டிபிக்கேட் எல்லாம் பழுதாகாமல் லெமினேட் பண்ணி வைக்கட்டா? (என்.சி. வீதி)

வேண்டாம். லெமினேட் பண்ணினதில சீல் குத்தேலாது, அத்தாட்சிப்படுத்தப் போனா வேற கொப்பி எடுத்துக்கொண்டு வா எண்டு திருப்பி விடுவாங்க. பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு கறையான் ஏறாத இடத்தில வையுங்கோ, ஏற்கெனவே பண்ணியாச்சு எண்டா பிய்க்கப் பாக்காதேங்கோ, எழுத்தும் சேர்ந்து வரும், பிறப்புச் சான்றிதழெண்டா பிரதேச செயலகத்தில புதுக் கொப்பி எடுக்கலாம்.