இஇஜி டெக்னாலஜிஸ்ட் ஆக என்ன படிக்க வேண்டும்? மெஷின்தானே எல்லாம் செய்யும்?

கேட்டவர் சேலத்துக்காரர், பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ முடித்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நானும் சேலம்தான். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது.

முதலில் படிப்பு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நியூரோ எலெக்ட்ரோபிசியாலஜி இருக்கிறது. பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான மத்திய அரசு நிறுவனமான நிம்ஹான்ஸில் கிளினிக்கல் நியூரோபிசியாலஜி டெக்னாலஜி டிப்ளமோ இருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் நம் வேலையும் இருக்கிறது. அதனால் அங்கீகாரம் இல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள். நான் கட்டினேன். ஆறு மாதக் கோர்ஸ், எந்த இடம் என்பதை விடுங்கள். இருந்தது ஒரே ஒரு பழைய மெஷின், அதையும் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு மனுஷன் தலையைக்கூடத் தொடாமல் சர்டிபிகேட் வாங்கி வந்தேன். சேருவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இஇஜி எடுக்கிறீர்கள்? பதில் மென்று முழுங்கி வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

எனக்கு உண்மையில் தொழில் கற்றுக்கொடுத்தது ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த சீனியர் அக்கா. போன முதல் வாரமே வம்பை இழுத்து வைத்தேன். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி மங்கினால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். ஆஸ்பத்திரியில் தலையில் ஒட்டும் எலெக்ட்ரோடுகள் சின்னச் சின்ன வெள்ளிக் கிண்ணங்கள். சாம்பல் பூத்துக் கிடந்தன. நல்ல பேர் வாங்கலாமென்று அத்தனையையும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்தேன். மறுநாள் ஸ்கிரீனில் கோடு எல்லாம் நிலையில் நிற்காமல் மேலும் கீழும் அலைகிறது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அது அழுக்கில்ல தம்பி, வெள்ளிக் குளோரைடு. அந்தப் படிவு இருந்தாத்தான் கோடு ஆடாம நிக்கும்.” பிறகு ப்ளீச்சில் ஊறப்போட்டு மறுபடி படிவு ஏற்றினோம். அப்பாவிடம் சொன்னபோது, “மெருகு போட்டதுக்குத் திட்டு வாங்குன மொத ஆளு நீதான்” என்றார். (ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவு செய்தார். அவரும் பிறகு வெள்ளித் தகடுகளைப் பயன்படுத்தியிருக்கிறார். படித்தபோது எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.)

மெஷின்தானே செய்யும் என்றீர்கள். மெஷினுக்கு எது மூளை, எது ஃபேன் என்று தெரியாது. இதயத்துக்கு எடுக்கும் ஈசிஜியில் மில்லிவோல்ட் கணக்கு. இங்கே மைக்ரோவோல்ட், பெரும்பாலும் 100க்குள். சுவரில் ஓடுவதோ 230 வோல்ட். கட்டில் பக்கத்தில் யாராவது செல்போன் சார்ஜர் செருகியிருந்தால்கூட கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலை வந்து கோட்டைத் தடித்த மையாக்கிவிடும். கண் சிமிட்டினால் ஒரு அலை, பல்லைக் கடித்தால் ஒரு அலை. இதையெல்லாம் களைந்து கொடுப்பதுதான் நம் வேலை, நோயைச் சொல்வது டாக்டர் வேலை.

இடம் குறிப்பதும் கையால்தான். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் பிடித்து, அந்த நீளத்தை 10, 20 சதவீதமாகப் பிரிக்க வேண்டும். 36 செ.மீ. தலை என்றால் 3.6இல் முதல் புள்ளி, அங்கிருந்து 7.2இல் அடுத்தது. இப்படி 21 இடம். அந்தந்த இடத்தில் தோலை லேசாகத் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, தோலின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கியதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் பாதியில் ஒன்று கழன்று தொங்கும்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், நான் 8,000 ரூபாயில் தொடங்கினேன். நாள் கணக்கில் எடுக்கும் வீடியோ இஇஜியும், ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பைக் கண்காணிக்கும் வேலையும் கற்றுக்கொண்டால் பெரிய ஊர்களில் நல்ல இடம் கிடைக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏற்காட்டுப் பக்கத்து மலை ஊரிலிருந்து ஒரு ஆயா, பேரனைக் கூட்டி வந்தார். வகுப்பில் நடுவில் நடுவில் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கிறானாம், டீச்சர் கவனமில்லை என்று அடித்திருக்கிறார். தூக்கம் கெட்டு வரச் சொல்லியிருந்தோம். ராத்திரியெல்லாம் காதைத் திருகி முழிக்க வைத்து, காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்தபடி இறங்கி வந்திருந்தான். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தும் வழிய வழிய வைத்திருந்தார். “எண்ணெ வெக்காம எப்பிடிச் சாமி புள்ளைய வெளிய கூட்டியாறது?” ஷாம்பு போட்டு அலசவே அரை மணி நேரம்.

பதிவு ஓடும்போதே மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விட வேண்டும் (இதய நோய், கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது). சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாது. காகிதக் காத்தாடி ஒன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வேன். ஒன்றரை நிமிடம் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. பையன் காத்தாடியையே பார்க்கிறான், ஆனால் பார்க்கவில்லை. ஸ்கிரீனில் எல்லாச் சேனலிலும் ஒரே நேரத்தில், நொடிக்கு மூன்று தடவை, ஒரு கூர்முனை, பின்னால் ஒரு மேடு. “மாம்பழம்” என்று சத்தமாகச் சொல்லி, கோட்டில் குறித்தேன். 11 நொடி. சட்டென்று அலை நின்றது, காத்தாடி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

“இப்ப நான் என்ன சொன்னேன் கண்ணு?”

“ஊதச் சொன்னீங்க.”

மாம்பழம் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. டாக்டருக்கு அந்த ஒரு குறிப்பு முக்கியம்.

ஆயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிகிறது என்று கேட்டால், டாக்டர் சொல்வார் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லக்கூடாது. அதற்குத் தயாராக இருந்தேன். அவர் பேரன் தலையில் ஒட்டியிருந்த பசையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டது வேறு.

“சாயங்காலம் எண்ணெ வெக்கலாமா சாமி?”

“வையுங்க ஆயா. அடுத்த தடவ வரும்போது மட்டும் வேண்டாம்.”