விளையாட்டுக்குள் ஒரு வங்கி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 20 வயது. ஊர் சிவகாசி. பி.காம். கடைசி வருடம். கம்ப்யூட்டர் பாடம் எதையும் முறையாகப் படித்ததில்லை. பன்னிரண்டாவது முடித்த லீவில் யூடியூப் பார்த்து எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் கற்றுக்கொண்டேன். ஜிடிஏ ஃபைவ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை, தனியார் சர்வர்களில் ஆட வைக்கும் ஃபைவ்எம் என்ற மென்பொருள் மூலம், ஆளுக்கொரு பாத்திரமாக (ரோல்பிளே) ஆடும் ஒரு தமிழ் சர்வரில் சேர்ந்தேன். ஆடத்தான் போனேன், அப்புறம் அவர்களுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் விண்ணப்பிக்கும் இணையதளம், விளையாட்டுக்குள் வரும் செல்போன், வங்கி எல்லாம் நான் எழுதியவை. ராத்திரி 80, 90 பேர் அதில் இருப்பார்கள்.

ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்தது மொத்தம் 4,000 ரூபாய். போன மாதம் சர்வர் நடத்தும் அண்ணனோடு சண்டை வந்தது. வங்கியில் யாரோ பணத்தை டூப் செய்துவிட்டார்கள் (இல்லாத பணத்தை உண்டாக்கிவிட்டார்கள்), அதற்கு நான்தான் காரணம் என்றார். அன்றைக்கே எங்கள் அரட்டைக் குழு இருக்கும் டிஸ்கார்டிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் கோடு (நிரல்) மட்டும் இன்னும் அங்கே ஓடுகிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. "ஒரு ராத்திரி எல்லாத்தையும் அழிச்சுட்டு வா, அப்பதான் உன் அருமை தெரியும்" என்கிறான் என் நண்பன்.

அப்பா காலண்டர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். நான் செய்வதை "கேம் ஆடுறான்" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். மதுரையில் ஒரு இன்டர்வியூவில் இந்த வேலைகளைச் சொன்னேன். "கேம் தவிர வேறு ஏதாவது செய்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். பயோடேட்டாவிலிருந்து இதையெல்லாம் எடுத்துவிடட்டுமா? அடுத்து என்ன படிக்கட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பாஸ்வேர்டு. உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன்: தொடாதீர்கள், மாற்றச் சொல்லி அவர்களுக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மற்றவர்களும் படிப்பதால் இங்கே காரணத்தையும் சொல்கிறேன்.

2016-இல் அமெரிக்காவில் இருபதை ஒட்டிய வயதில் மூன்று இளைஞர்கள் மிராய் என்று ஒரு நிரலை எழுதினார்கள். வீட்டு கேமராக்கள், ரூட்டர்கள் போன்றவற்றில் பலர் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருப்பார்கள் அல்லவா? அவற்றுக்குள் புகுந்து லட்சக்கணக்கான கருவிகளை ஒரே இடத்தைத் தாக்கும் படையாக மாற்றும் நிரல் அது. பின்னால் இருந்தது பெரிய அரசியல் எதுவும் இல்லை. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் சர்வர் தொழிலில் இருந்த போட்டிதான். ஒரு சர்வர் விழுந்தால் ஆடுகிறவர்கள் அடுத்த சர்வருக்குப் போவார்கள். அந்தச் சர்வர்களைத் தாக்குதலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று காசு வாங்கும் நிறுவனமும் அவர்களில் இருவருக்கு இருந்தது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க நிரலைப் பொதுவில் வெளியிட்டார்கள். அதை எடுத்து வேறு யாரோ அந்த அக்டோபர் 21 அன்று, இணையதள முகவரிகளைத் தேடிக் கொடுக்கும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018-இல் அலாஸ்கா நீதிமன்றம் ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 2,500 மணி நேரச் சமூக சேவையும், 1,27,000 டாலர் இழப்பீடும் விதித்தது. சிறை இல்லாமல் தப்பியதற்குக் காரணம், புலனாய்வுத் துறைக்கு அவர்கள் நிறைய உதவியதுதான்.

மூவரும் திறமைசாலிகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் மனத்தைப் பிசைகிறது. நம் ஊரிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி, அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் போய்த் தரவை அழித்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும் என்பது அனுமதி ஆகாது. அவர்கள் உங்களை நீக்கிய அன்றே அனுமதி முடிந்துவிட்டது.

ஆனால் உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் வைத்திருக்கிறது. நீங்கள் அந்த அண்ணனிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை, உரிமையை எழுதிக் கொடுக்கவும் இல்லை. அப்படியானால் நீங்களாக எழுதிய வரிகளின் உரிமை உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதனால் உங்கள் கோடின் ஒரு பிரதியைச் சுத்தம் செய்யுங்கள். பாஸ்வேர்டுகள், ஆடுகிறவர்களின் விவரங்கள், வேறு இடத்தில் எடுத்த பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பெயரில் போடுங்கள். அவர்களுக்கு மரியாதையாக ஒரு செய்தி: நான் எழுதியதைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள், எழுதியவர் பெயர் இருக்கட்டும். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, பயோடேட்டாவுக்கு வருகிறேன். எடுக்காதீர்கள்.

உங்களைக் கேட்டவருக்கு ஃபைவ்எம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த விளையாட்டில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து செல்போன் எடுத்தால் திரையில் தெரிவது ஒரு வலைப்பக்கம். வங்கியும் பையும் வேக மீட்டரும் அப்படித்தான். விளையாட்டுக்குள்ளேயே குரோமியம் பிரவுசர் ஒன்று ஓடுகிறது, அதில் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் ஓடுகின்றன. பின்னால் லுவா என்ற நிரல் மொழியில் எழுதிய சர்வர், அதன் பின்னால் டேட்டாபேஸ். வெளியே ஒரு கம்பெனிக்கு வெப் டெவலப்பர் செய்யும் வேலையின் எல்லா அங்கமும் இதில் இருக்கிறது. கூடுதலாக ஒரு கஷ்டமும் உண்டு: உங்கள் பக்கம் கொஞ்சம் மந்தமானால் விளையாட்டே திக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு எண்பது பேர் உடனே கத்துவார்கள். அலுவலகத்தில் எழுதிய பக்கத்துக்கு இவ்வளவு சீக்கிரம் விமர்சனம் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஃபைவ்எம்மின் கதையே உங்களுக்குத் தெம்பு தரும். 2015-இல் அதை உருவாக்கியவர்களின் கணக்குகளை, ஜிடிஏவைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் முடக்கியது, திருட்டுக்கு வழிசெய்யும் வேலை என்று சொல்லி. 2022-இல் ரோல்பிளே சர்வர்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2023 ஆகஸ்டில் அந்தக் குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. எட்டு வருடம் அவர்கள் தங்கள் வேலையை ஒளிக்கவில்லை.

அதனால் "கேம் சர்வருக்கு வேலை செய்தேன்" என்று எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் 90 பேர் பயன்படுத்தும் வங்கிச் செயலி எழுதினேன், டிஸ்கார்டு கணக்கால் உள்நுழையும் விண்ணப்பத் தளம் எழுதினேன், ஒன்றரை வருடம் பராமரித்தேன் என்று எழுதுங்கள். எல்லாமே உண்மை. அது ஒரு விளையாட்டுக்காக என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, அந்தப் பணம் எப்படி டூப் ஆனது என்பதையும். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த விஷயத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

டூப் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, ஆடுகிறவரின் கணினி சொல்வதை சர்வர் அப்படியே நம்புவது. 'மீன் விற்றேன், 500 கொடு' என்று வரும் செய்தியில் அந்த 500-ஐ எழுதுவது அவருடைய கணினி என்றால், அதை ஐந்து லட்சமாக மாற்றி அனுப்ப ஒருவனுக்குப் பத்து நிமிடம் போதும். இது விளையாட்டுக்கு மட்டும் உரிய தப்பு இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், பொருளின் விலையைப் பக்கத்திலேயே மறைத்து வைத்து, வாங்கும்போது அங்கிருந்தே சர்வருக்கு அனுப்பினோம். 8,400 ரூபாய் பொருளை ஒருவர் ஒரு ரூபாய்க்கு வாங்கிவிட்டார். அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு பிரவுசரிலிருந்து வரும் எந்த எண்ணையும் சர்வரில் சரிபார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டதில்லை. எத்தனை மீன் இருந்தது, ஒன்று என்ன விலை என்று சர்வரே பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு வழி, இருப்பை வாசித்து, கழித்து, எழுதுவதற்குள் இன்னொரு கோரிக்கை நுழைவது. கணக்கில் 10,000 இருக்கிறது. லேக் ஆகும் (பதில் தாமதமாகும்) நேரத்தில் 'அனுப்பு' பட்டனை ஒருவர் இரண்டு தடவை அமுக்குகிறார். இரண்டு கோரிக்கையும் 10,000 என்று வாசிக்கின்றன, இரண்டும் கழித்து பூஜ்யம் என்று எழுதுகின்றன. நண்பனுக்கோ 20,000 போய்ச் சேருகிறது.

இங்கேதான் நீங்கள் பி.காம். என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. இதைத் தடுக்கும் முறை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1494-இல் வெனிஸில் லூக்கா பாச்சோலி அச்சில் கொண்டுவந்த இரட்டைப் பதிவு முறை. உங்கள் டேட்டாபேஸில் ஆளுக்கு ஒரு இருப்பு எண் மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை அழித்து அழித்து எழுதுகிறீர்கள். அதற்குப் பதிலாக, உங்களிடம் உள்ள பிரதியில் பேரேடு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இரண்டு வரி, ஒருவருக்குப் பற்று, இன்னொருவருக்கு வரவு. இரண்டும் சேர்ந்தே பதிவாக வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகக் கூடாது. டேட்டாபேஸில் அதற்கு டிரான்ஸாக்ஷன் என்று வசதி இருக்கிறது. இருப்பைப் பார்ப்பதும் அதற்குள்ளேயே நடக்கட்டும், முதல் கோரிக்கை முடியும்வரை அந்தக் கணக்கை இரண்டாவது தொட முடியாதபடி பூட்டி வைத்து. மீன் விற்றால் வரும் பணம்கூட எங்கிருந்தோ முளைக்கக் கூடாது. 'அரசுக் கணக்கு' என்று ஒன்று வைத்து அதிலிருந்து வரட்டும். ராத்திரி ராத்திரி இருப்பாய்வு எடுங்கள். கூட்டல் பொருந்தவில்லை என்றால் எந்த நேரத்தில், எந்த வரியில் என்று தெரிந்துவிடும். பணம் டூப் ஆனதற்கு நீங்கள்தான் காரணம் என்று யாராவது சொன்னால் அப்போது பேரேட்டைக் காட்டலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வரும் பல பிள்ளைகளுக்கு இந்தப் பேரேடு தோன்றாது. உங்களுக்குத் தோன்ற வேண்டும், மூன்று வருடமாக அதைத்தானே படிக்கிறீர்கள். டிகிரியையும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். புதிய ஃபிரேம்வொர்க் எதுவும் சொல்லப் போவதில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைன் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அது வெளிவந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆன பிறகும், 2021 பிப்ரவரியில் டோஸ்ட் என்ற புனைபெயர் கொண்ட ஒருவரின் கணினியில் ஆறு நிமிடம் எடுத்தது. அவர் ராக்ஸ்டாரில் வேலை செய்பவர் இல்லை. மூல நிரலும் கையில் இல்லை. ஏன் என்று மட்டும் விடாமல் தோண்டிப் பார்த்தார். விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் 10 எம்பி அளவுள்ள ஜேசன் கோப்பு (தரவை எழுத்தாக வைக்கும் கோப்பு), உள்ளே சுமார் 63,000 பொருள்கள். ஒவ்வொரு சிறு துண்டை வாசிக்கும்போதும் நிரல் மிச்சமிருக்கும் மொத்தக் கோப்பின் நீளத்தையும் முதலிலிருந்து அளந்துகொண்டிருந்தது. வாசித்த பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, முன்பு வந்த எல்லாவற்றோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. மொத்தம் கிட்டத்தட்ட 198 கோடி ஒப்பீடுகள். இரண்டையும் சரிசெய்ததும் ஆறு நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. ராக்ஸ்டார் அவருக்கு 10,000 டாலர் கொடுத்து, மார்ச் மாதமே திருத்தத்தை வெளியிட்டது.

யூடியூப் பார்த்துக் கற்றவர்களுக்கு விடுபட்டுப்போகிற பாடம் இதுதான். பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுவதற்கும் அகராதி மாதிரி நேராகப் போய் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், டேட்டாபேஸில் இண்டெக்ஸ் என்ன செய்கிறது, ஒரு கோரிக்கை போய்த் திரும்பி வரும் வழியில் நேரம் எங்கே செலவாகிறது. இதைப் படிக்க வேறு இடம் தேட வேண்டாம். விளையாட்டுக்குள் நீங்கள் எழுதிய செல்போன் திறக்க எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது? ஃபைவ்எம்மில், எந்த நிரல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ரெஸ்மான் இருக்கிறது, பிரவுசர் பக்கத்துக்கு அதன் டெவலப்பர் கருவிகள் இருக்கின்றன. அளந்து எழுதிவையுங்கள். ஏன் அவ்வளவு ஆகிறது என்று தேடுங்கள். குறைத்துவிட்டு, முன்னும் பின்னும் எத்தனை என்று பயோடேட்டாவில் போடுங்கள்.

4,000 ரூபாய் பற்றி ஒன்றே ஒன்று. அடுத்த சர்வருக்கு எழுதினால், முதல் வரி எழுதும் முன்பே மாதம் எவ்வளவு, கோடு யாருடையது, விலகினால் என்ன என்பதை நாலு வரியில் எழுதி ஒரு 'சரி' வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பியாகப் பழகியவர்களிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். கேட்டுவிடுங்கள்.

அப்பா விஷயம். அவர் அந்த ஆஃப்செட் மெஷினை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார் என்று கேட்டிருக்கிறீர்களா? நான் சிவகாசியில் பார்த்த மெஷின்காரர்களில் அநேகம் பேர் பக்கத்தில் நின்று, தாள் அடுக்கி, திட்டு வாங்கித்தான் கற்றிருந்தார்கள். நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தே சொல்கிற கண் அவர்களுக்கு. வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வங்கிப் பக்கத்தை அவருக்குத் திறந்து காட்டுங்கள். விளையாட்டைக் காட்டாதீர்கள், பக்கத்தை மட்டும். எழுத்து எங்கே நெருக்கமாக இருக்கிறது, எந்த நிறம் கண்ணைக் குத்துகிறது என்று அவர் ஏதாவது சொல்வார். நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று ராத்திரியே திருத்தி, மறுபடியும் அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா