கேள்வி - பதில்: பவர் பேங்க் கணக்கு

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். எனது போன் பேட்டரி 5,000. நாலு தடவை ஏற வேண்டும், மூன்றோடு நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், பரந்தன்

பதில்: இல்லை. மூன்று தடவை ஏறினால் அது நல்ல சரக்கு. 20,000 எம்ஏஎச் (பேட்டரியில் அடங்கும் மின்சார அளவு) என்பது உள்ளிருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட் அளவு. போனுக்கு 5 வோல்ட்டாக உயர்த்தும்போதே 14,800 ஆகிவிடும். சூடாகி வீணாவதையும் கழித்தால் 13,000க்குள்தான். போனின் 5,000மும் இதேபோல் செல்லின் கணக்குத்தான், 5 வோல்ட்டில் அது 4,000க்குள் வரும். ஏறும்போது போனும் கொஞ்சம் தின்னும். அதனால்தான் மூன்று தடவை. பெட்டியில் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கப்பாசிட்டி' (வெளியே தரக்கூடிய அளவு) இருக்கும், உண்மை அதுதான். அதைப் போடாத பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். தராசில் நிறுத்துப் பாருங்கள்: 20,000 என்று சொல்லி 250 கிராம்கூட இல்லையென்றால் உள்ளே செல் குறைவு. வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெக்கையில் செல் ஊதும். ஊதியதைத் திரும்ப சார்ஜ் போடவே கூடாது.

கேள்வி: பழைய போன் வாங்கமுன் எதைப் பார்ப்பது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: *#06# அழுத்துங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் 15 இலக்க அடையாள எண்) பெட்டியிலுள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கை அவரைக்கொண்டே, உங்கள் முன்னால், நீக்கச் சொல்லுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.