டிசம்பர் வந்தால் மகளுக்கு வயிற்றுக்குத்து

கேள்வி: எங்கள் ஊர் காரைதீவு. சுனாமியில் என் மூத்த மகளை ஐந்து வயதில் பறிகொடுத்தேன். பல வருடம் கழித்துப் பிறந்த இளையவள் இப்போது தரம் 7 படிக்கிறாள். டிசம்பர் நடுப்பகுதி வந்தாலே வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுக்கிறாள். பெனடோல் கொடுத்தும் நிற்பதில்லை. இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். போன வருடம் தன் பிறப்புச் சான்றிதழையும் எங்கள் அடையாள அட்டைப் பிரதிகளையும் பாடசாலைப் பையில் போட்டு வாசலருகே வைத்திருந்தாள். 'அக்காதான் திரும்பி வந்து பிறந்திருக்கிறா' என்று அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. சுனாமியைக் காணாத பிள்ளைக்கு ஏன் இப்படி? 26ஆம் திகதி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: அம்மா, முதலில் வயிற்றுக்குத்தைப் பார்ப்போம். மகள் நடிக்கவில்லை. பயம் கூடும்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்றவை குடலின் அசைவையே மாற்றிவிடும், பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கும். இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி வரும், விளையாட்டில் இறங்கினால் மறந்துபோகும். ஆனால் வலி வலப்பக்க அடிவயிற்றில் நின்றால், நித்திரையிலிருந்து எழுப்பினால், காய்ச்சல், சத்தி, மலத்தில் இரத்தம், உடல் மெலிவு என்று ஏதாவது சேர்ந்தால் மனக்கவலை என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவள் சுனாமியைக் காணவில்லை, உங்களைக் காண்கிறாள். டிசம்பர் பிறந்ததும் அம்மாவின் முகம் மாறுவது, அடுப்படியில் தனியே அழுவது, தான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது எல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் கற்பனையால் நிரப்பிக்கொள்வார்கள். அது பெரும்பாலும் நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். அத்தோடு அது வாடைக்காற்றுக் காலம். இரவில் மழையும் கடல் இரைச்சலும் கேட்கும்போது அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மம்மாவிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும். அவ பாசத்தில்தான் சொல்லுகிறா, எனக்கும் விளங்குகிறது. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது பெரிய பாரம். அக்காவாக வந்தவள் என்றால் அக்காவுக்கு நடந்தது தனக்கும் நடக்குமோ என்ற பயம் வரும். தனக்கென்று ஒரு இடம் இந்த வீட்டில் இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். 'அக்கா அக்காதான், நீ நீதான், இரண்டு பேரும் என் பிள்ளைகள்' என்று உங்கள் வாயால் அவளுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

26ஆம் திகதி வரைக்கும் காத்திருக்காமல் டிசம்பர் தொடக்கத்திலேயே, பகல் நேரத்தில், உட்கார்ந்து கதையுங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது, ஆனாலும் அன்று நமக்குச் சொல்ல ஆள் இல்லை. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். இவ்வளவு போதும். உடல்களைத் தேடிய கதை இந்த வயதுக்கு வேண்டாம். அக்கா எதற்கு அடம்பிடித்தாள், என்ன சாப்பிட்டாள் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். நடுவில் அழுகை வந்தால் அழுங்கள். 'அம்மாவுக்குக் கவலை வந்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டு அழுதால் பிள்ளை பயப்படாது.

அந்தப் பையைக் கண்டு ஏச வேண்டாம். அவள் யோசித்துச் செய்த வேலை அது. பக்கத்தில் இருந்து ஒரு டோர்ச்சையும் தண்ணீர்ப் போத்தலையும் நீங்களே சேர்த்து வையுங்கள். எந்த வீதியால் உள்ளே போவது, யார் வீட்டில் சந்திப்பது என்று சேர்ந்து முடிவெடுத்து, ஒருமுறை நடந்தும் பாருங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராப் பக்கம் மறுபடி நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் உள்ளே போனது, பெரிய அலை வரவில்லை. இந்தக் கதையை அவள் அவசியம் கேட்க வேண்டும். வதந்தி வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அவளையே அழைத்துக் கேட்கச் சொல்லலாம்.

நினைவுநாள் பெரும்பாலும் விடுமுறையில்தான் வரும். அதனால் தவணை முடியுமுன் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். காலைக் கூட்டத்தில் அலை வீடியோக்களைப் போடாமல் இருக்கவும், இழப்பு நடந்த வீட்டுப் பிள்ளைகளை மேடைக்கு ஏற்றிப் பேசச் சொல்லாமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசியில் சுற்றி வரும் பழைய வீடியோக்களும் அந்த வாரம் வேண்டாம்.

கடற்கரைக்குப் போவதா என்பதை அவளிடமே கேளுங்கள். வருகிறேன் என்றால் பூத்தட்டைப் பிடிப்பது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது என்று ஒரு வேலை கொடுங்கள். காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனத்தின்போது நீங்கள் உடைந்துவிட்டால் அவள் கையைப் பிடிக்கச் சித்தியோ மாமாவோ பக்கத்தில் நிற்கட்டும். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், வீட்டில் விளக்கு ஏற்றலாம். கோயிலில் நூல் கட்டுவதால் தெம்பு வருமென்றால் அதையும் செய்யுங்கள்.

ஜனவரி நடுப்பகுதியிலும் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பாடசாலைக்குப் போக மறுப்பு என்று தொடர்ந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 'நானும் அக்காவிடம் போகிறேன்' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஜனவரி வரை பொறுக்கக் கூடாது. அன்றே அவளைத் தனியே விடாமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். இரவென்றாலும் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். இவ்வளவு வருடமாக ஒவ்வொரு டிசம்பரையும் நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை அம்மா. மனநலப் பிரிவுக்குப் போனால், மகளுக்கு மட்டும் துண்டு எடுக்காமல் உங்களுக்கும் சேர்த்து எடுங்கள்.